பேரேடு திரையாக மாறிய கதை

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் சாலையில், மலையாளம் எங்கே முடிந்து தமிழ் எங்கே தொடங்குகிறது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், அதையடுத்த விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்திலும் அமைந்தன. பேச்சுமொழியோ இருபுறமும் இன்றளவும் கலந்தே ஒலிக்கிறது. அப்பேச்சை எழுத்தில் வடிப்பது அரிது. ஒலிப்பதிவில் அது அப்படியே நிலைபெறும். ஆகவே, இவ்வூர்களின் அண்மைக்கால வரலாற்றைப் பதிவுசெய்ய 'பாட்காஸ்ட்' எனப்படும் வலையொலி மிகவும் ஏற்றது. அதற்குத் தகுந்த முதற்பொருள்களுள் ஒன்று, கணினி வந்த கதை.

தனிநபர் கணினியின் பிறப்பை 1975 ஜனவரியில் தொடங்குவது வழக்கம். அம்மாத 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் இடம்பெற்ற 'ஆல்டேர் 8800', உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் பெட்டியாக இருந்தது. அதன் நினைவகம் வெறும் 256 பைட். 1977-இல் ஆப்பிள் 2, கொமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகியவை முழுமையான கருவிகளாகச் சந்தைக்கு வந்தன. அக்காலத்தில் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவிலேயே நிரல்களையும் சேமித்தனர். அந்த நாடாவை ஒலிக்கவிட்டால் கீச்சென்ற இரைச்சல் கேட்கும். அத்தகைய ஒலிகளும் அவற்றைக் கேட்டவர்களின் நினைவுகளும் இன்று வலையொலிகளில் சேகரிக்கப்படுகின்றன. 'ஆண்டிக்' என்னும் ஆங்கில வலையொலி, அட்டாரி கணினிகளோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கானோரின் நேர்காணல்களைத் திரட்டியுள்ளது.

நம் பகுதிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் 1973-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சிவ் நாடாரும் நண்பர்களும் 1976-இல் எச்.சி.எல். நிறுவனத்தை நிறுவினர். எனினும், சிற்றூர் மக்களுள் பலர் கணினியை முதன்முதலாகக் கண்ட இடங்களுள் ஒன்று வங்கிக் கிளையே.

அது எளிதில் நிகழ்ந்துவிடவில்லை. ஒரு பொறி பல எழுத்தர்களின் வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் ஊழியரிடையே வலுவாக இருந்தது. கேரளத்தில் எதிர்ப்புப் போராட்டங்களும் நடந்தன. 1983-இல் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. அதையடுத்து, சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1984-இல் தன் அறிக்கையை அளித்தது. கிளைகளில் பேரேட்டுப் பதிவுப் பொறிகள் இடம்பெறத் தொடங்கின. நுண்செயலியால் இயங்கிய அவை, வாடிக்கையாளரின் பற்றையும் வரவையும் பதிந்து இருப்பை உடனே கணக்கிட்டுக் காட்டின. அதுவரை தடித்த பேரேடுகளில் கையால் எழுதி, மாலையில் ஒரு ரூபாய் இடித்தாலும் அது நேராகும் வரை வீடு திரும்பாதவர்கள் எழுத்தர்கள்.

அன்று பணியிலிருந்தவர்கள் இன்று ஓய்வூதியம் பெறுவோர். பொறியை அஞ்சியவரும் ஆவலோடு கற்றவரும், அச்சிட்ட கணக்கேட்டை நம்பத் தயங்கிய வாடிக்கையாளரும் நம்மிடையே உள்ளனர். குழுவின் அறிக்கை நூலகத்தில் கிடைக்கும். இவர்களது அனுபவமோ இவர்கள் நினைவில் மட்டுமே உள்ளது. இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கேட்க நினைத்தால், சொல்ல ஆளிருக்காது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு கைப்பேசியும், மின்விசிறி நிறுத்தப்பட்ட ஓர் அறையும், அரைமணி நேரமும் போதும். "முதல் நாள் அப்பொறியின் முன் அமர்ந்தபோது என்ன நினைத்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியோடு தொடங்கலாம். அவர் எம்மொழியில் பேசினாலும் திருத்தாதீர்கள். வெளியிடுமுன் அவரது இசைவைப் பெறுங்கள்; கணக்கு எண், பிறருடைய சேமிப்பு விவரம், கடவுச்சொல் போன்றவை பேச்சில் வந்திருந்தால் தவறாமல் நீக்கிவிடுங்கள்.