காத்தின் படுகொலையும் போலந்து அரசியலும்

காத்தின் படுகொலை என்பது 1940 ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 22,000 போலந்து நாட்டவர் சோவியத் ஒன்றியத்தின் இரகசியக் காவல்துறையான என்கேவிடியால் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வாகும். உருசியாவின் சிமோலென்சுக் நகருக்கு அருகிலுள்ள காத்தின் காட்டின் பெயரால் இது அழைக்கப்பட்டாலும், கார்கீவ், கலீனின் (இன்றைய திவேர்) ஆகிய நகரங்களிலும் கொலைகள் நடந்தன. இப்படுகொலையும் அதனைச் சுற்றி அரை நூற்றாண்டு நீடித்த பொய்யும் இன்றைய போலந்தின் தேசிய அடையாளத்தைப் பெரிதும் வடிவமைத்தன.

பின்னணி

1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படைகள் கிழக்குப் போலந்தினுள் நுழைந்தன. சிறைப்பட்ட அதிகாரிகளும் காவல்துறையினரும் கோசெல்சுக், ஒசுதாசுக்கோவ், இசுதாரோபெல்சுக் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரியா முன்வைத்த கொலைத் திட்டத்திற்கு 1940 மார்ச் 5 அன்று இசுடாலினும் பிற தலைவர்களும் ஒப்புதல் அளித்தனர். கொல்லப்பட்ட அதிகாரிகளுள் பலர் தொழில்முறைப் படைவீரர் அல்லர். மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற சேமப்படையினர். எனவே ஒரு நாட்டின் கற்றறிந்த வகுப்பே இலக்காக்கப்பட்டது எனலாம்.

ஆண்டு பற்றிய சர்ச்சை

1943 ஏப்ரலில் செருமானியர் புதைகுழிகளைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் விசாரணையைக் கோரியதையே காரணமாகக் காட்டி, இலண்டனில் இயங்கிய போலந்து அரசுடனான உறவை இசுடாலின் துண்டித்தார். போருக்குப் பின் தமக்குச் சார்பான அரசைப் போலந்தில் அமைக்க இது அவருக்கு வழிவகுத்தது.

கொலைகள் 1941 இல் செருமானியரால் செய்யப்பட்டவை என்பது சோவியத் தரப்பின் கூற்று. உடல்களில் கிடைத்த நாட்குறிப்புகளும் செய்தித்தாள்களும் 1940 இளவேனிலுடன் நின்றுவிட்டன. ஆகவே ஆண்டைக் குறிப்பிடுவதே குற்றவாளியைச் சுட்டுவதாயிற்று. பொதுவுடைமை ஆட்சியில் "1940" என எழுதுவது ஓர் அரசியல் செயலாக மாறியது இவ்வாறே. 1981 இல் வார்சாவாவின் பொவொன்சுகி கல்லறையில் அவ்வாண்டைத் தாங்கி நாட்டப்பட்ட சிலுவையைக் காவல்துறையினர் உடனடியாக அகற்றினர். 1985 இல் அரசே அங்கு வைத்த நினைவுச்சின்னம் பழியை நாசிகள் மீது சுமத்தியது. பாடநூல்கள் பேசாததைக் குடும்பங்கள் வீட்டினுள் பேசின. அரசின் வரலாறு வேறு, மக்களின் வரலாறு வேறு என்னும் பிளவு ஆட்சியின் நியாயத்தையே அரித்தது.

1990 ஏப்ரல் 13 அன்று சோவியத் ஒன்றியம் பொறுப்பை ஏற்றது. 1992 இல் எல்த்சினின் அரசு 1940 மார்ச் 5 முடிவின் ஆவணத்தைப் போலந்திடம் அளித்தது. இப்படுகொலையில் தந்தையை இழந்த இயக்குநர் அந்திரேய் வாய்தா 2007 இல் "காத்தின்" என்னும் திரைப்படத்தை வெளியிட்டார்.

2010 வானூர்தி விபத்து

படுகொலையின் 70 ஆம் ஆண்டு நினைவுநிகழ்விற்குச் சென்ற குடியரசுத் தலைவர் லேக் காச்சின்சுகி உட்பட 96 பேர், 2010 ஏப்ரல் 10 அன்று சிமோலென்சுக் அருகே வானூர்தி விபத்தில் உயிரிழந்தனர். அடர்ந்த மூடுபனியில் வானூர்தி மிகத் தாழ்வாக இறங்கியதே காரணம் எனப் போலந்தின் அலுவல்முறை விசாரணை 2011 இல் முடிவு செய்தது. எனினும் சட்டமும் நீதியும் கட்சியைச் சார்ந்த பலர் இதனைச் சதி என்றனர். காத்தினைப் பற்றி ஐம்பதாண்டுகள் பொய் கேட்ட ஒரு சமூகத்தில் இவ்வையம் எளிதில் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் முந்தைய பொய்யை மெய்ப்பித்தவை ஆவணங்கள், இதற்கு அத்தகைய சான்று முன்வைக்கப்படவில்லை. காத்தின் துயரம் போலந்தியரை ஒன்றிணைத்தது, சிமோலென்சுக் துயரமோ அவர்களை இரு முகாம்களாக்கியது. அக்கட்சியின் ஆட்சியில் வெடிப்புக் கோட்பாட்டை ஆராய்ந்த குழு, 2023 டிசம்பரில் புதிய அரசால் கலைக்கப்பட்டது.

உருசிய நாடாளுமன்றத்தின் கீழவை, படுகொலை இசுடாலினின் ஆணைப்படி நடந்ததென 2010 நவம்பரில் அறிவித்திருந்தது. ஆயினும் திவேரில் இருந்த நினைவுப் பலகைகள் 2020 இல் அகற்றப்பட்டன. காத்தின் நினைவிடத்தில் பறந்த போலந்துக் கொடி 2022 இல் இறக்கப்பட்டது.