சாதியும் உடல்நலமும்: பிரசங்க மேடையின் மௌனம்

2020 நவம்பர் திங்களில் அமெரிக்க மருத்துவச் சங்கம், இனவெறி பொதுச் சுகாதாரத்திற்கு ஓர் அச்சுறுத்தல் என அறிவித்தது. ஒதுக்கப்பட்ட மக்கள் எளிதில் நோயுறுவதற்கும் முன்னதாகவே இறப்பதற்கும் காரணம் அவர்தம் குருதியில் இல்லை. அவர்கள் வாழும் இடத்திலும், செய்யும் தொழிலிலும், மருத்துவரிடம் பெறும் கவனிப்பிலும் உள்ளது என்பதே அதன் உட்பொருள். நெல்லைத் திருச்சபையார் எவரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதியையும் அங்கே பேசவேண்டும் எனத் தலித் அமைப்பினர் கோர, சாதி இனம் அன்று என இந்திய அரசு மறுத்தது. இரண்டும் ஒன்றா என்பதைச் சமூகவியலார் ஆராயட்டும். மனித உடலின்மேல் அவை செய்யும் வேலை ஒன்றே.

ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று காட்டிற்று. (இறக்கும் சராசரி வயதும் ஆயுள் எதிர்பார்ப்பும் வேறு வேறு என்பதை மாணவர் நினைவிற்கொள்க.) இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது? மலக்குழிக்குள் இறங்குகிறவனை நச்சுக்காற்று சில நொடிகளில் வீழ்த்துகிறது. அவனைத் தூக்கச் சென்றவனும் உடன் மடிகிறான். அத்தொழிலை அவனுக்கு விதித்தது பிறப்பு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குழந்தைகள் நோயுற்றனர்; குடிநீரைச் சோதிக்குமாறு மருத்துவர் கூறவே, மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டனர். 2025 ஜனவரியில் காவல்துறை அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப்பத்திரிகை அளிக்க, மக்கள் அதை ஏற்க மறுத்தனர். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் கூறவேண்டும். ஆயினும் விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைக் கண்டதை எந்தக் குற்றப்பத்திரிகையும் மாற்றிவிடாது.

நம் பொருநைக் கரையை விட்டுவிட்டுப் புதுக்கோட்டையைப் பேசுவது எளிது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன்பயின்ற மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அவன் வெளியே சொன்னதே அவர்களுடைய சினத்திற்குக் காரணம். அறுவை மருத்துவர் காயங்களைத் தைத்தனர். அவ்வரிவாளை இளங்கைகளில் கொடுத்தது எது என்பது மருத்துவருடைய கேள்வி மட்டுமன்று. இதையொட்டி அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதற்கடுத்த ஞாயிறுகளில் நம் ஆலயங்கள் எத்தனையில் அது பேசப்பட்டது?

மருத்துவப் பணியில் நமக்குப் பெருமைக்குரிய மரபு உண்டு. 1876 முதல் 1908இல் மறையும்வரை நாசரேத்தில் உழைத்த மர்காஷிஸ் ஐயர் அம்மரபில் வந்தவர். இன்னொரு மரபும் உண்டு. ஆலயத்தில் தனித்தனி இருக்கையும், திருவிருந்தில் தனித்தனி வரிசையும் கூடா என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, பல சபைகளில் எதிர்ப்பு எழுந்தது. கிறிஸ்துவின் கிண்ணத்திலேயே தீட்டுப் பார்த்தவர்கள் நம் முன்னோர். மருத்துவமனையைக் கட்டிய கை சாதியின் சுவரை இடிக்கவில்லை. ஆகவே நம் குணமாக்கும் ஊழியம் பாதியிலேயே நின்றது என்பது என் துணிபு.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பெரும்பாடுள்ள பெண் பன்னிரண்டு ஆண்டு மருத்துவரிடம் செலவழித்தும் பயன் காணாதவள். ஆண்டவரின் ஆடையைத் தொட்டவுடன் உதிரப்போக்கு நின்றுவிட்டது. மருத்துவக் கணக்கில் அத்துடன் வேலை முடிந்தது. ஆயினும் ஆண்டவர் நின்று, தொட்டவர் யார் என்று வினவுகிறார்; அவள் கூட்டத்தின் முன்னே முழு உண்மையையும் சொல்கிறாள். அதன்பின்னரே அவளை மகளே என்றழைத்துச் சமாதானத்துடன் அனுப்புகிறார். தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கியிருந்த அதே கூட்டம் அதைக் கேட்டாகவேண்டியிருந்தது. ஒளிவில் நோயைத் தீர்த்து அனுப்பியிருந்தால் கூட்டம் மாறாமல் இருந்திருக்கும்.

சாதியைப் பேசினால் சபை பிளவுபடும் என்பர் மூத்த குருமார். திருமண்டலத் தேர்தலில் சாதிக்கணக்குப் பார்க்கும் சபை முன்னமே பிளவுபட்டதன்றோ! இளங்குருமார் பிரசங்கத்திற்குமுன் தம் சேகரத்தைச் சுற்றி வரட்டும். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது? கிராமச் செவிலியர் எந்தத் தெருவுக்குள் நுழைவதில்லை? கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் யாருக்காக? பள்ளி விடுதியின் கழிவுத் தொட்டி நிறையும்போது யார் அழைக்கப்படுகிறார்? பாதுகாப்பின்றி மனிதரை அதில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அவ்வேலைக்குரிய செலவுச் சீட்டில் கையொப்பமிடுகின்றவர் பெரும்பாலும் சேகரகுருவே.