விலை சொல்லியே ஆக வேண்டியவர்கள்

2024 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு அன்று ஒரே நாளில் 12.4 சதவீதம் விழுந்தது. 1987க்குப் பிறகு டோக்கியோ சந்தை பார்த்திராத சரிவு அது. அமெரிக்காவில் பங்குச் சந்தை இன்னும் திறக்கவில்லை. அதற்குள், முதலீட்டாளர்களின் பயத்தை அளக்கும் கருவி என்று சொல்லப்படும் விக்ஸ் குறியீடு, வெள்ளிக்கிழமை நின்றிருந்த 23.39லிருந்து 65.73க்கு எகிறிவிட்டது. அதற்கு முன் அந்த உயரத்தை விக்ஸ் தொட்டது 2008 நிதி நெருக்கடியிலும் 2020 கொரோனா பீதியிலும்தான்.

ஆனால் அன்று மாலை எஸ் அண்ட் பி 500 குறியீடு முடிந்தது சுமார் 3 சதவீத இறக்கத்தோடு. மோசமான நாள்தான், உலகம் முடியும் நாள் இல்லை. விக்ஸும் 38.57க்கு இறங்கிவிட்டது. அப்படியானால் காலையில் நடந்தது என்ன?

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருக்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு நடந்த வியாபாரத்தால் வந்தது அல்ல என்பது அவர்கள் கண்டது. குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களான ஆப்ஷன்களுக்கு விலை சொல்லும் நிறுவனங்கள் தங்கள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அகலமாக்கியதே முக்கியக் காரணம். விக்ஸ் கணக்கிடப்படுவது, எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களுக்குச் சொல்லப்படும் இரு விலைகளின் நடுப்புள்ளியை வைத்து. உதாரணத்துக்கு ஒரு புட் ஆப்ஷனை (விற்கும் உரிமை) வாங்க 10 சென்ட்டும் விற்க 30 சென்ட்டும் சொல்கிறார்கள் என்றால் நடுப்புள்ளி 20 சென்ட். விற்கும் விலையை மட்டும் 2 டாலருக்கு ஏற்றினால் நடுப்புள்ளி 1.05 டாலர். ஒரு ஆப்ஷன்கூட கைமாறவில்லை. ஆனால் கணக்கில் அந்த ஆப்ஷனின் விலை ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த இரு விலைகளையும் சொல்பவர்கள்தான் மார்க்கெட் மேக்கர்கள். கொந்தளிப்பான நாளில் அவர்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள், எதுவரை, எந்த நிமிடத்தில் அந்தக் கடமை கழன்றுகொள்ளும் என்பதைப் பெரும்பாலான முதலீட்டாளர்கள் அறிவதில்லை. அவர்களது பணம் கரைவது பல சமயம் அங்கேதான்.

நகைக்கடைப் பலகையில் தங்கத்தை விற்கும் விலை ஒன்றும், திரும்ப வாங்கும் விலை ஒன்றும் இருப்பதைப்போல, மார்க்கெட் மேக்கரும் ஒரே நேரத்தில் இரண்டு விலை சொல்வார். இடைவெளிதான் அவரது வருமானம். ஆனால் அவர் விலை சொல்ல வேண்டியது ஒரு பொருளுக்கு அல்ல. ஒரு பங்குக்கு 40 ஸ்ட்ரைக் விலைகள் (ஒப்பந்தத்தில் குறித்த விலை), 12 எக்ஸ்பயரி தேதிகள் (ஒப்பந்தம் முடியும் நாள்) இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கால் (வாங்கும் உரிமை), புட் இரண்டையும் சேர்த்தால் 960 ஆப்ஷன்கள். அந்தப் பங்கின் விலை ஒரு சென்ட் அசைந்தாலும் 960 ஆப்ஷன்களின் மதிப்பும் அசையும். பழைய விலையை மாற்றுவதற்குள் வேகமான கணினி வைத்திருக்கும் இன்னொருவர் அதை அள்ளிக்கொண்டு போய்விடலாம். திரையில் சொன்ன விலையை மதித்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. ‘தெரியாமல் போட்டுவிட்டேன்’ என்று பின்வாங்க முடியாது.

இந்தச் சிரமத்துக்கு ஈடாக அமெரிக்க ஆப்ஷன் சந்தைகள் மார்க்கெட் மேக்கர்களுக்குச் சில சலுகைகள் தருகின்றன. பதிலுக்குக் கேட்பது, தொடர்ந்து இரு பக்கமும் விலை சொல்வது. சிகாகோவின் சிபோ, நாஸ்டாக் குழுமச் சந்தைகள் போன்றவற்றில் சாதாரண மார்க்கெட் மேக்கர், தான் பொறுப்பேற்ற ஆப்ஷன்களில் வர்த்தக நேரத்தில் 60 சதவீதம் விலை சொல்ல வேண்டும். முதன்மை மார்க்கெட் மேக்கருக்கு 90 சதவீதம். எக்ஸ்பயரிக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கும் ஆப்ஷன்களும் நடுநாளில் புதிதாகச் சேர்க்கப்படும் ஆப்ஷன்களும் பொதுவாக இந்தக் கணக்கில் வராது.

அந்தச் சதவீதத்தை நிமிடங்களாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அமெரிக்கப் பங்குச் சந்தையின் ஒரு நாள் 390 நிமிடங்கள். 60 சதவீதம் என்றால் 234 நிமிடங்கள். மீதி 156 நிமிடங்கள் திரையில் இல்லாமல் போனாலும் விதி மீறப்படவில்லை. 90 சதவீதக் கடமை உள்ளவருக்குக்கூட 39 நிமிடங்கள் மிஞ்சும். நாள்தோறும் கடமை உண்டு என்று விதி சொன்னாலும், அதை நிறைவேற்றினாரா என்று சிபோ சரிபார்ப்பது மாதக் கணக்கில். சந்தை தீப்பற்றி எரியும் அரை மணி நேரம், மாதச் சராசரியில் கண்ணுக்கே தெரியாது.

எவ்வளவு அகலமாக விலை சொல்லலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆனால் நாஸ்டாக் குழுமச் சந்தைகளில் பல ஆப்ஷன்களுக்கு அந்த வரம்பு 5 டாலர். ஒரு ஆப்ஷன் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கு என்பதால், 40 சென்ட் இடைவெளியில் வாங்கி உடனே விற்பவருக்கு நட்டம் 40 டாலர். 5 டாலர் இடைவெளியில் அதுவே 500 டாலர். இரண்டுமே விதிக்கு உட்பட்டவை. வழக்கமான நாட்களில் போட்டி இருப்பதால் இடைவெளி சில சென்ட்டுகளுக்குச் சுருங்கிவிடும். கொந்தளிப்பில் போட்டி விலகி, விதியின் வெளிவிளிம்பு மட்டும் நிற்கும்.

பெயரளவுக் கடமை எவ்வளவு ஆபத்தானது என்பதை உலகம் 2010 மே 6 அன்று பார்த்தது. அன்று பிற்பகல் சில நிமிடங்களில் டவ் ஜோன்ஸ் குறியீடு கிட்டத்தட்ட ஆயிரம் புள்ளிகள் விழுந்து மீண்டது. சுமார் 40 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த அக்சென்ச்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. ஏலநிறுவனமான சதபீஸின் பங்கு 99,999.99 டாலருக்கு வாங்கப்பட்டது. காரணம், பங்குச் சந்தை மார்க்கெட் மேக்கர்கள் ‘இரு பக்கமும் விலை சொல்ல வேண்டும்’ என்ற விதிக்காக, வாங்க ஒரு சென்ட், விற்க 99,999.99 டாலர் என்று யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்டுவைத்திருந்த விலைகள். உண்மையான வாங்குவோரும் விற்போரும் விலகியபோது அந்தப் பொம்மை விலைகள்தான் மிஞ்சின. எந்த விலையானாலும் சரி என்று போடப்பட்ட மார்க்கெட் ஆர்டர்கள் நேராகப் போய் அவற்றில் மோதின. 20,000க்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் பின்னர் ரத்து செய்யப்பட்டன. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் இத்தகைய விலைகளைத் தடை செய்தது. எஸ் அண்ட் பி 500இல் உள்ள பங்குகளுக்கு, நாளின் பெரும்பகுதியில் சந்தையின் சிறந்த விலையிலிருந்து 8 சதவீதத்துக்குள் மார்க்கெட் மேக்கர் நிற்க வேண்டும் என்றானது.

அப்படியானால் ஆப்ஷன் மார்க்கெட் மேக்கரையும் இப்படி இறுக்கிப் பிடித்தால் என்ன? இங்கேதான் சிக்கல். பங்கை விற்பவருக்கு அந்தப் பங்கின் விலை ஒன்றுதான் கவலை. ஆப்ஷனை விற்பவர் உடனே பங்குச் சந்தைக்கு ஓடித் தன் ஆபத்தை ஈடுகட்ட வேண்டும். பங்கு ஒரு டாலர் ஏறினால் 50 சென்ட் ஏறக்கூடிய கால் ஆப்ஷன்கள் 100 ஒப்பந்தங்களை அவர் விற்றிருந்தால், 5,000 பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பங்குகள் கிடைக்கவில்லை என்றால்? அதன் பிறகு அவர் செய்வது வியாபாரம் அல்ல, சூதாட்டம்.

2010 சரிவுக்குப் பிறகு வந்த உச்ச–நீச விலை வரம்புத் திட்டம் இந்த நிலையைச் சட்டப்படி உருவாக்குகிறது. 2013 ஏப்ரலில் அமலுக்கு வந்த அந்தத் திட்டப்படி பெரிய பங்குகளுக்குப் பொதுவாக மேலும் கீழும் 5 சதவீதம் எல்லை. விலை எல்லையில் போய் ஒட்டிக்கொண்டால் 15 விநாடி காத்திருப்பு. அப்போதும் விலகாவிட்டால் ஐந்து நிமிட நிறுத்தம். பங்கு நின்றால் அதன் ஆப்ஷன்களும் நிற்கும். பங்கு எல்லையில் ஒட்டியிருக்கும் அந்த விநாடிகளில், ஆப்ஷன் சந்தைகள் மார்க்கெட் ஆர்டர்களை ஏற்பதில்லை. மார்க்கெட் மேக்கரின் விலை சொல்லும் கடமையும் அப்போது தளர்த்தப்படுகிறது. அந்த நேரம் அவரது சதவீதக் கணக்கிலும் சேராது.

2015 ஆகஸ்ட் 24 காலையில் இந்தத் திட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்று தெரிந்தது. ஒரே நாளில் 471 பங்குகளிலும் இ.டி.எஃப்களிலுமாக (பங்குபோலச் சந்தையில் கைமாறும் நிதிகள்) 1,278 முறை வர்த்தகம் நிறுத்தப்பட்டது. எதை வைத்து ஆப்ஷனுக்கு விலை போடுவது என்று தெரியாத நிலை. சந்தை திறந்து ஏறக்குறைய அரை மணி நேரம் விக்ஸ் எண்ணே வெளிவரவில்லை.

2021 ஜனவரியில், வீடியோ கேம் கடை நிறுவனமான கேம்ஸ்டாப்பின் பங்கு இந்தச் சிக்கலை இன்னும் நெருக்கத்தில் காட்டியது. மாதத் தொடக்கத்தில் 17 டாலர் அளவில் இருந்த பங்கு, 27ஆம் தேதி 347.51 டாலரில் முடிந்தது. மறுநாள் 483 டாலர் வரை ஏறி, 112.25 டாலர் வரை விழுந்து, 193.60 டாலரில் முடிந்தது. இடையில் பலமுறை நிறுத்தம். ஜனவரி 22 அன்று வர்த்தகத்தில் இருந்த மிக உயர்ந்த ஸ்ட்ரைக் விலை 60 டாலர். பங்கு அன்றே அதைத் தாண்டி முடிந்தது. மேலே ஆப்ஷனே இல்லை! அடுத்த சில நாட்களில் 800 டாலர் வரை புதிய ஸ்ட்ரைக் விலைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கால் ஆப்ஷன்களை விற்ற மார்க்கெட் மேக்கர்கள், ஈடுகட்டப் பங்கு வாங்கித் தீர்த்ததால்தான் விலை இப்படி ஏறியது என்று அப்போது பலரும் எழுதினார்கள். அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் ஊழியர் குழு அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இதற்கு ஆதாரம் இல்லை என்றது. தனிநபர்களின் ஆப்ஷன் வர்த்தகம் ஜனவரி 21இல் 5.85 கோடி டாலராக இருந்து, 27இல் 240 கோடி டாலராக உயர்ந்தது உண்மை. ஆனால் அந்த உயர்வில் பெரும்பகுதி புட் ஆப்ஷன்களில். மார்க்கெட் மேக்கர்கள் கால் ஆப்ஷன்களை விற்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றும் தரவு காட்டியது.

மார்க்கெட் மேக்கர்களின் கடமையை ஐரோப்பா வேறு விதமாகக் கையாள்கிறது. 2018 ஜனவரி முதல் அமலில் இருக்கும் விதிகள்படி, கணினி நிரல்வழி (அல்கோ) மார்க்கெட் மேக்கிங் செய்யும் நிறுவனம் சந்தையோடு ஒப்பந்தம் போட்டு, வர்த்தக நேரத்தில் குறைந்தது பாதி நேரமாவது விலை சொல்ல வேண்டும். சந்தை நெருக்கடியில் இருக்கிறது என்றால் இடைவெளியை அகலமாக்கலாம். ஆனால் அங்கேயே நிற்பவருக்குச் சந்தை ஊக்கம் தர வேண்டும். போர், இணையத் தாக்குதல், பெரும்பாலான பங்குகளை நிறுத்தும் அளவுக்கான கொந்தளிப்பு போன்ற விதிவிலக்கான சூழலில்தான் கடமை முழுவதும் விலகும். அத்தகைய சூழல் தொடங்கியதையும் முடிந்ததையும் சந்தை பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இதில் பாராட்ட வேண்டிய அம்சம் அந்த அறிவிப்புதான். கடமை தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் முதலீட்டாளர் தன் ஆர்டரை நிறுத்திக்கொள்ள முடியும்.

ஈடுகட்ட வழியில்லாதபோது கடமையைத் தளர்த்துவது நியாயமே. நிர்பந்தித்தால் ஒன்று பொம்மை விலைகள் வரும், இல்லையென்றால் நிறுவனங்கள் திவாலாகும். ஆனால் மாதச் சராசரியை வைத்துத் தேர்ச்சி வழங்குவது நியாயம் அல்ல. மிக மோசமான நிமிடங்களில் யார் நின்றார்கள், எவ்வளவு அகலத்தில் நின்றார்கள் என்பதைத் தனியே அளந்து வெளியிட வேண்டும். சலுகை பெறுபவரிடம் இதைக் கேட்பது அதிகப்படியானதல்ல.

இந்தியாவில் நிலைமை வேறு. தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷனுக்கு விலை சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. 2011இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அனுமதித்த திட்டம், வர்த்தகம் குறைந்த ஒப்பந்தங்களுக்கு ஊக்கத்தொகை தர வழி செய்தது, அவ்வளவுதான். மற்றபடி திரையில் தெரியும் விலைகள் எல்லாம் யாரோ ஒருவர் விருப்பப்பட்டுப் போட்டவை. அடுத்த விநாடி எடுத்துவிடலாம்.

2021 ஆகஸ்ட் 20 அன்று, நூறு ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த நிஃப்டி 16,450 கால் ஆப்ஷன் ஒரு கணத்தில் 803.05 ரூபாயைத் தொட்டுத் திரும்பியது. நிஃப்டியில் அதற்கேற்ற எந்த அசைவும் இல்லை. நடுவே விற்பதற்கு ஆள் இல்லாத ஒரு கணத்தில், விலை எதுவானாலும் சரி என்று சொல்லும் ஆர்டர்கள் மேலே மேலே ஏறிப் போனதே காரணம். நட்டத்தைத் தடுக்க ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்தவர்களையே அது பதம் பார்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 27 முதல், ஆப்ஷன்களில் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டர்களைத் தேசியப் பங்குச் சந்தை நிறுத்திவிட்டது.

ஆப்ஷனில் இறங்கும்போது கடைசியாக நடந்த விலையை மட்டும் பார்க்காமல், வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பார்த்துவிட்டு, நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை எழுதி லிமிட் ஆர்டர் போடுங்கள். தேர்தல் முடிவு, பட்ஜெட், போர்ச் செய்தி வந்த காலைகளில், சந்தை திறந்த முதல் சில நிமிடங்களுக்கு அந்த ஆர்டரையும் தள்ளிப்போடுங்கள்.