குறுஞ்சொல் முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

ஐந்து சந்தியில் கடை வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் தினமும் வரும் கேள்வி: "வங்கிக் கணக்கு இலக்கம் என்ன?"

2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் இத்தகைய 50 பதில்கள் வரை எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுஞ்சொல் கொடுக்கலாம். சாய்கோட்டை அடித்தால் பட்டியல் விரியும்.

ஆனால் முதலாளி வைத்த "வ2" என்ற சொல் கடையில் நிற்கும் தம்பிக்கு விளங்குமா? அவர் அவசரத்தில் கையால் அடித்து ஓர் இலக்கம் மாறினால் காசு வேறு கணக்குக்குப் போகலாம். பிறகு வங்கிக்கு அலைச்சல்தான்!

பலரும் கவனிக்காத வசதி ஒன்றுண்டு. ஒரு பதிலுக்கு மூன்று தேடுசொற்கள் வரை சேர்க்கலாம். "காசு", "பேங்க்", "கணக்கு" என வாய்க்கு வருவதையே சேருங்கள். கடை பூட்டுமுன் தம்பியிடமே கேளுங்கள்: "நீர் என்ன சொல்லை அடித்துத் தேடுவீர்?"