தெரியாத மொழியில் ஒரு பரீட்சை

சீனம் கற்றவருக்குப் பரிசு தரும் போட்டிகள் உண்டு. 2016ல் மைசூரில் நடந்த போட்டியிலோ, மொழி தெரியாமல் இருப்பதே தகுதி.

மைசூர் தேவராஜா மார்க்கெட்டுக்கு முதல் தடவை வரும் தமிழர் எவருக்கும் அரை மணி நேரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். இங்கே பால் என்றால் ஹாலு. பூ என்றால் ஹூ. பத்து ரூபாய் ஹத்து ரூபாய். பல் ஹல்லு. நாலைந்து கடை தாண்டியதும், புலிக்குக் கன்னடத்தில் என்ன பெயர் என்று அகராதி பார்க்காமலே சொல்லிவிடலாம்: ஹுலி. அந்தத் தெம்பில் பழத்தை ‘ஹளம்’ என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அது ஹண்ணு. முதல் எழுத்து விதிப்படிதான் இருக்கிறது. மிச்சம் வேறு கதை.

பழைய கன்னடத்திலும் பகரம்தான் இருந்தது, பிறகுதான் அது ஹகரமாயிற்று என்பது மொழிநூலார் முடிவு. தமிழும் சும்மா இருக்கவில்லை. நம்முடைய செவி அங்கே கிவி. சேரி அங்கே கேரி. செம்மை அங்கே கெம்பு. இந்தச் சொற்களில் பழைய ககரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம், மாற்றிக்கொண்டது தமிழ். காய்கறி வாங்கப் போனவருக்கு இவ்வளவும் தேவையில்லைதான். ஆனால் நாலு சொல்லை வைத்து ஒரு விதியை ஊகிப்பது, ஐந்தாவது சொல்லில் அதைச் சோதிப்பது, ஆறாவதில் அடிபட்டுத் திருத்திக்கொள்வது – இதையே பரீட்சையாக வைத்து மெடல் கொடுக்கும் போட்டி ஒன்று உலகில் இருக்கிறது. 2016 ஜூலை கடைசியில் அது இதே மைசூரில் நடந்தது.

சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட் என்பது அதன் பெயர். அது பதினான்காவது ஆண்டுப் போட்டி. இந்தியாவில் நடந்தது அதுவே முதல் முறை. ஊருக்கு வெளியே, கிரேக்கத் தூண்கள் வைத்த கட்டடமும் பசும்புல் தரையுமாக விரிந்து கிடக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தில் சுமார் முப்பது நாடுகளின் பள்ளி மாணவர்கள் கூடினார்கள். கணினிப் பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதற்குப் பேர்போன இடத்தில், அந்த வாரம் பேச்செல்லாம் வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் பற்றி.

மொழிப் போட்டி என்றால் நமக்குப் பழக்கமானது வேறு. குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டி, இந்திப் பிரசார சபைத் தேர்வு. உலக அளவில் இதே வகையின் பெரிய உதாரணம் சீன அரசு நடத்தும் ‘சீனப் பாலம்’ போட்டி. 2002ல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது. பிறகு பள்ளி மாணவர்களுக்கும் விரிந்தது. சீன மொழியில் மேடையேறிப் பேச வேண்டும், சீனாவைப் பற்றிய பொது அறிவுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், பாட்டோ கூத்தோ ஏதாவது ஒரு கலையும் காட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் முதல் சுற்றில் தேறியவர் இறுதிச் சுற்றுக்குச் சீனா போகலாம். அங்கே படிக்க உதவித் தொகையும் கிடைக்கலாம். ஒரு மொழியைப் பரப்ப விரும்பும் நாடு செய்யக்கூடிய நியாயமான காரியம்தான். பிரான்சும் ஜெர்மனியும் அவரவர் வழியில் செய்வதுதான்.

ஆனால் இப்படிப்பட்ட படிப்பின் தலையெழுத்து வகுப்பறையில் எழுதப்படுவதில்லை. இந்தியாவில் சீன மொழிக்கு 1937லேயே சாந்திநிகேதனில் தாகூர் சீன பவனம் அமைத்தார். 2019ல் வெளியான புதிய கல்விக் கொள்கையின் வரைவில், பள்ளிகளில் கற்பிக்கத்தக்க வெளிநாட்டு மொழிகளுக்கு உதாரணமாகச் சீனமும் இருந்தது. 2020 ஜூனில் கல்வான் மோதல் நடந்தது. ஜூலையில் வெளியான இறுதிக் கொள்கையில் கொரியன், ஜப்பான், தாய், போர்த்துகீசியம், ரஷ்யன் எல்லாம் இருந்தன, சீனம் இல்லை. எல்லையில் மோதல் வெடித்தால் வகுப்பில் இலக்கணம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு என்றால் அவர் பேசுவது புரிவது இன்னும் அவசியமல்லவா என்ற கேள்வி அத்தோடு அமுங்கிவிட்டது.

மைசூரில் நடந்த போட்டிக்கு இந்தக் கவலை இல்லை. அது எந்த மொழியையும் பரப்பவில்லை. எந்த மொழியும் கற்றுவரத் தேவையுமில்லை. எப்படி என்று பார்க்க, சீனத்தையே வைத்து எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

சீனத்தில் ‘யீ யுவெ’ என்றால் ஜனவரி. ‘அர் யுவெ’ பிப்ரவரி. ‘ஷி யுவெ’ அக்டோபர். ‘ஷி யீ யுவெ’ நவம்பர். அப்படியானால் டிசம்பர்? ஒரு நிமிடம் யோசித்தவர்கள் ‘ஷி அர் யுவெ’ என்று சொல்லியிருப்பார்கள். அது சரி. யீ ஒன்று, அர் இரண்டு, ஷி பத்து. பத்தும் ஒன்றும் பதினொன்று என்பதால் நவம்பர் பதினோராம் மாதம். இப்போது, ‘ஸிங்ச்சி யீ’ திங்கட்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை எது? ‘ஸிங்ச்சி அர்.’ இப்படியே போய் ஞாயிறை ‘ஸிங்ச்சி’யோடு ஏழைச் சேர்த்துச் சொன்னால் மறுபடியும் ஹண்ணு கதைதான். ஞாயிறு மட்டும் ‘ஸிங்ச்சி ரி’. ரி என்பது சூரியன். நம் ஞாயிறும் சூரியன்தானே. யுவெ என்ற சொல்லுக்குச் சந்திரன், மாதம் என இரண்டு பொருளும் உண்டு; தமிழில் திங்களுக்கும் அதே இரண்டு பொருள். சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், ஐந்து நிமிடத்தில் இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

ஒலிம்பியாட்டின் கணக்குகள் இந்த ஜாதிதான். கடுமை மட்டும் பல மடங்கு. ஆனால் சீனத்தின் மாதப் பெயர்களை அங்கே கேட்க மாட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் அறிந்த மொழியைக் கேட்டால் சிலருக்கு அது இலவச மதிப்பெண். அதே காரணத்தால் தமிழின் புணர்ச்சியும் வராது. பரீட்சைக் கூடத்தில் யாருக்குமே தெரியாத மொழியாகத் தேடிப் பிடிப்பதுதான் வினாத்தாள் தயாரிப்பவர்களின் வேலை. எல்லோருக்கும் சமமான அறியாமை. 2014ல் பெய்ஜிங்கில் போட்டி நடந்தபோதுகூடக் கேட்டது சீனம் அல்ல. இன்றைய வடமேற்குச் சீனத்தில் ஒரு காலத்தில் அரசாண்டு மறைந்துபோன தங்குத் மக்களின் மொழி, அதிலும் உறவுமுறைச் சொற்கள்.

விளைவு, உலக அரங்கில் யாரும் சீந்தாத மொழிகள் இந்த ஆறு மணி நேரத்துக்கு ராஜாவாகிவிடுகின்றன. மைசூரில் தனிநபர் தேர்வுக்கு வந்த ஐந்து மொழிகளில் ஒன்று பெருவின் மலைகளில் ஆயிரம் பேர்கூடப் பேசாத ஹகாரு. இன்னொன்று இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பேசப்படும் அரல்லே – தபுலஹான். மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்லாமல் ஒரு பொருளை இருக்கிறது என்று சொல்ல விடாத மலைக்காரர்களின் மொழி. மூன்றாவது எகிப்தில் நைல் கரையோரம் பேசும் கெனுஸி நூபியன்.

நான்காவது, பாப்புவா நியூகினியின் செபிக் நதிக்கரை மொழியான இயாட்முல். இதில் சொற்களும் பொருள்களும் கலைத்துப்போட்டுத் தரப்பட்டன. எது எதற்கு என்று பொருத்த வேண்டும். நதிக்கரை மக்களுக்குப் படகுதான் வாகனம். பிறகு கார் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், நிலத்துப் படகு. அவர்களுடைய ‘புத்தகம்’ என்ற சொல்லுக்குள் ‘வாழை’ ஒளிந்திருக்கிறது. பனையோலையை ஏடு என்று சொல்லி, காகிதம் வந்த பிறகும் அந்தப் பெயரை விடாத தமிழருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் பதினாறு வயதில், தேர்வுக் கூடத்தில், இப்படி ஒரு முடிச்சு அவிழும் கணத்தில் கிடைக்கும் சந்தோஷம் வேறு எந்தப் பாடத்திலும் கிடைப்பது கஷ்டம்.

ஐந்தாவது வினா மனிதர் யாருமே பேசாத மொழி. இன்றைய துருக்கியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் செதுக்கப்பட்ட லுவியன் சித்திர எழுத்துகள். பெயர்களின் ஒலிகளைக் கொண்டு குறிகளைப் படிக்க வேண்டும்.

இந்த வினா மைசூருக்குப் பொருத்தமாக அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966ல் ஊட்டியிலிருந்து இடம் மாறி வந்தது இந்த ஊருக்குத்தான். தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களிலிருந்து எடுத்த மைப்படிகள் இங்கேதான் பல பத்தாண்டுகள் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு அனுப்பும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது. 1905ல் தஞ்சைப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடிக் கட்டில், தொலைந்துபோனதாக நினைத்த அர்த்தசாஸ்திரத்தை சாம சாஸ்திரி கண்டெடுத்ததும் மைசூர் அரசாங்க நூலகத்தில்தான். 1969ல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இங்கே வந்தது. அதன் இயக்குநராகப் பின்னாளில் இருந்தவர்களில் இ.அண்ணாமலை தமிழ் மொழியியலாளர். அதன் தென்மண்டல மையத்தில் வடமாநிலப் பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கித் தமிழோ கன்னடமோ தெலுங்கோ மலையாளமோ படித்துப் போகிறார்கள். செம்மொழித் தமிழாய்வு மையம்கூட 2008ல் சென்னைக்கு வரும்வரை இந்த நிறுவனத்தின் நிழலில்தான் இருந்தது.

ஒலிம்பியாட் பிறந்த இடம் மாஸ்கோ. அங்கே 1965ல் பள்ளி மாணவர்களுக்காக முதல் மொழியியல் போட்டி நடந்தது. இந்த வகைக் கணக்குகளுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஆந்திரேய் ஸலிஸ்னியாக். பின்னாளில் நோவ்கொரத் நகரில் மண்ணுக்கடியில் கிடைத்த பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்களைப் படித்துச் சொல்லிப் பெரும்புகழ் பெற்ற அறிஞர் அவர். சிறுவர்களுக்குப் புதிர் போட்டவரும், மண்ணில் புதைந்த கடிதங்களை அவிழ்த்தவரும் ஒரே ஆள் என்பதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே வேலை. பல்கேரியாவும் தனியே இப்படிப் போட்டிகள் நடத்திவந்தது. 2003ல் அங்கே போரோவெத்ஸ் என்ற மலை ஊரில் முதல் சர்வதேசப் போட்டி தொடங்கியது.

இந்தியா 2009ல் போலந்து போட்டிக்கு அணி அனுப்பத் தொடங்கியது. உள்நாட்டில் தேர்வு நடத்தும் போட்டிக்குப் பாணினி மொழியியல் ஒலிம்பியாட் என்று பெயர். தொல்காப்பியர் பெயரை வைத்திருக்கக் கூடாதா என்று தமிழ் வாசகருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று பேச்சையும் செய்யுளையும் கவனித்து வகுத்துச் சொன்னவர் அவர். ஒலிம்பியாட் மாணவன் ஒரு வினாவுக்குக் கிடைக்கும் எழுபது சொச்சம் நிமிடத்தில் செய்வதும் அதையே.

ஆனால் அந்தத் தொல்காப்பியத்தின் வாரிசுகளுக்கு நம் பள்ளிக்கூடங்கள் எதைச் செய்கின்றன? விதியை முதலில் கரும்பலகையில் எழுதுகிறார்கள். நன்னூல் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். பிறகு எடுத்துக்காட்டு ஒன்று தருக என்று இரண்டு மதிப்பெண். மரமும் வேரும் சேர்ந்தால் ஏன் மரவேர் ஆகிறது என்று பத்துச் சொற்களைக் கொடுத்து நீயே கண்டுபிடி என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஒலிம்பியாட் தலைகீழ்: எடுத்துக்காட்டுகள் அவர்கள் தருவார்கள், விதியைப் பிள்ளை சொல்ல வேண்டும். விளக்கம் இல்லாத விடை முழுக்கச் சரியாக இருந்தாலும் குறைந்த மதிப்பெண்தான் என்று வினாத்தாளின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நாலில் ஒன்றுக்கு வட்டமிட்டுப் பழகிய தலைமுறைக்கு இது அந்நிய தேசம்.

தனித்தேர்வு முடிந்த பிறகு குழுத் தேர்வு. ஒரு அணியில் நால்வர், நால்வருக்கும் ஒரே கணக்கு. மைசூரில் வந்தது போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் சில ஆயிரம் பேர் பேசும் தா மொழி. நாக்கால் ‘டொக்’ என்று அடிக்கும் ஒலிகள், முத்தமிடுவது போன்ற ஒலிகள் எல்லாம் அதில் மெய்யெழுத்து. மொத்த ஒலிகள் நூற்றைத் தாண்டும். பதினெட்டு மெய்யோடு ஒப்பேற்றிவரும் தமிழருக்குத் தலை சுற்றும்.

இதற்கெல்லாம் செலவென்று பார்த்தால் தாளும் பென்சிலும்தான். ஆய்வுக்கூடம் வேண்டாம், கோச்சிங் சென்டர் வேண்டாம். வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என மூன்று மொழிக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு இயல்பாகவே கை வர வேண்டிய வித்தை. ஆனாலும் இப்படி ஒரு போட்டி இருக்கிறது என்ற சேதியே பெருநகரத்து ஆங்கிலப் பள்ளிகளைத் தாண்டிப் போவது அரிது. கணித ஒலிம்பியாட்டுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் தமிழ்ப் பெற்றோரிடம் மொழியியல் ஒலிம்பியாட் என்றால், அதில் சேர்ந்தால் என்ன வேலை கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. கம்ப்யூட்டருக்கு மொழி புரியவைக்கும் தொழிலில் இருப்பவர்கள்தான் இந்தியாவில் இந்தப் போட்டியைக் கட்டியெழுப்பினார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லக்கூடிய பதில்.

2016ன் ஆறு வினாக்களில் இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. மைசூரிலிருந்து பந்திப்பூர்க் காட்டு வழியாக ஊட்டிக்குச் சுமார் 125 கிலோமீட்டர். அங்கே தோடா, கோத்தா என்று இரண்டு மொழிகள், ஒவ்வொன்றையும் பேசுபவர்கள் சில ஆயிரத்துக்கு மேல் தேறாது. இரண்டும் தமிழின் உறவு. ஆனால் காதில் விழுந்தால் தமிழர் யாருக்கும் புரியாது. 1930களில் எமனோ என்ற அறிஞர் வெளிநாட்டிலிருந்து வந்து, மந்துகளிலும் கோக்கால்களிலும் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனவை இன்றைக்கும் அந்த மொழிகளுக்கு ஆதாரம். ஊட்டியில் பள்ளிக்கூடம் போகும் தோடர் வீட்டுப் பிள்ளை வீட்டில் தோடா பேசுகிறது, கடைவீதியில் படுகு கேட்கிறது, வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் எழுதுகிறது. பரீட்சைக்குப் புணர்ச்சி விதியை மனப்பாடம் செய்கிறது.