நிறம் தெரியவில்லையா? பெயர் தெரியவில்லையா?

பள்ளிக்கரணையில் எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அண்ணன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஒரு நாள் மாலை அவன் கவலையோடு என்னிடம் வந்தான்.

"சார், எங்க பாப்பாவுக்குக் கலரே தெரியல. தக்காளியைக் காட்டினாலும் பச்சைங்கறா, வானத்தைக் காட்டினாலும் பச்சைங்கறா. கண்ணில் ஏதாவது கோளாறு இருக்குமோ?"

உங்கள் வீட்டிலும் தம்பியோ தங்கையோ இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்டுச் சிரித்துமிருப்பீர்கள். ஆனால் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. குழந்தைக்கு நிறம் தெரியவில்லையா? அல்லது நிறத்தின் பெயர் தெரியவில்லையா? இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் தவறான முடிவுக்கு வருவோம். அப்படித் தவறியவர்கள் இருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

இரண்டு தவறுகள்

முதலாமவர், பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின். அவருடைய குழந்தைகள் சிலர் வீட்டுப் பொருள்களின் பெயர்களையெல்லாம் கற்ற பிறகும், படங்களில் உள்ள நிறங்களின் பெயர்களைச் சரியாகச் சொல்லவில்லை. பலமுறை கற்பித்துப் பார்த்தும் பயனில்லை. குழந்தைகளுக்கு நிறக்குருடு என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். பின்னர் அது வீண் பயம் எனத் தெரிந்தது. இதை அவரே 1877இல் எழுதியிருக்கிறார்.

இரண்டாமவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் மின்தடைகளின் மதிப்பைத் தொடர்ந்து தவறாகவே எழுதி வந்தார். மின்தடையின் மேலுள்ள வண்ணப் பட்டைகளைக் கொண்டு மதிப்பைக் கணக்கிட வேண்டும். பழுப்பு 1, சிவப்பு 2, பச்சை 5. பழுப்பு, பச்சை, சிவப்பு என்று வரிசையாக இருந்தால் 1500 ஓம். அவர் 5100 என்று எழுதியிருந்தார். "கவனமே இல்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவர் தலைகுனிந்து நின்றார்.

அவர் பக்கத்தில் இருப்பவரிடம் நிறத்தைக் கேட்டுக் கேட்டு எழுதுவதைப் பிறகுதான் கவனித்தேன். கண் மருத்துவரிடம் போகச் சொன்னேன். சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு என்று தெரிந்தது. இலை பச்சை, தக்காளி சிவப்பு என்று அவர் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தார். பெயர்கள் சரியாக வந்ததால், அவர் கண்ணில் நிறம் எப்படித் தெரிகிறது என்று பதினெட்டு வயது வரை யாரும் பார்க்கவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டார்வின் பெயர் வராததைக் கண்டு பார்வை இல்லை என்று எண்ணினார். அந்த மாணவருக்குப் பெயர் வந்ததால் எல்லோரும் பார்வை சரி என்று எண்ணினார்கள்.

அடையாற்றில் ஓர் ஆசிரியை

இரண்டு கேள்விகளையும் எப்படிப் பிரிப்பது? அதற்கு ஓர் எளிய வழி, பள்ளிக்கரணைக்கு வடக்கே, வேளச்சேரி தாண்டியுள்ள அடையாற்றில் முன்பே கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷாரின் பார்வையில் அவர் எதிரி நாட்டவரானார். ஊர் திரும்ப முடியவில்லை. 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார்.

அவருடைய கருவிகளில் ஒன்று நிறத்தகடுகள். முதற்பெட்டியில் சிவப்பு, நீலம், மஞ்சள் என மூன்று நிறங்களில் இவ்விரண்டாக 6 தகடுகள். இரண்டாம் பெட்டியில் 11 நிறங்கள், 22 தகடுகள். மூன்றாம் பெட்டியில் 9 நிறங்கள். ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை 7 சாயல்கள். ஆக 63 தகடுகள்.

எல்லாத் தகடுகளும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே எடை. நிறம் மட்டுமே வேறு. இது உங்களுக்குப் பழக்கமான முறைதான். தனி ஊசலின் நீளத்தை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாமல் வைக்கிறீர்கள் அல்லவா? அதே விதிதான் இங்கும்.

சிவப்புப் பந்தையும் நீலப் பெட்டியையும் காட்டினால், நாம் வடிவத்தைச் சொல்கிறோமா, நிறத்தைச் சொல்கிறோமா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? நம் மொழியும் அதற்குச் சோதனை வைக்கிறது. 'பச்சைத் தண்ணீர்' என்கிறோம். அதில் பச்சை எங்கே இருக்கிறது? 'பச்சைக் குழந்தை' என்கிறோம். சமையலறையில் 'மஞ்சள்' ஒரு பொருள். வண்ணப் பெட்டியில் அது ஒரு நிறம். பாப்பா குழம்பியதில் வியப்பில்லை.

வீட்டிலேயே செய்யலாம்

பழைய திருமண அழைப்பிதழ் அட்டையிலிருந்து 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஆறு துண்டுகள் வெட்டுங்கள். மூன்று நிறத் தாள்களை இருபுறமும் ஒட்டுங்கள். மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்கள் வேண்டாம். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும்.

முதற்கட்டம், ஜோடி சேர்த்தல். தகடுகளைப் பாயில் கலைத்துப் போடுங்கள். ஒன்றை எடுத்து, அதன் ஜோடியைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். பிறகு குழந்தையிடம் விட்டுவிடுங்கள். எந்த நிறத்தின் பெயரையும் சொல்லாதீர்கள். இங்கே கண்ணுக்கு மட்டுமே வேலை. தவறாக வைத்தால் திருத்தாதீர்கள். சலித்துப்போனால் எடுத்து வைத்துவிடுங்கள்.

இது கைவந்த பிறகே பெயர். முதலில் "இது சிவப்பு, இது நீலம்" என்று சொல்லுங்கள். பின்னொரு நாள் "சிவப்பு எது? காட்டு" என்று கேளுங்கள். அதிலும் தேறிய பிறகுதான் "இது என்ன?" என்ற கேள்வி. நாம் எல்லோரும் செய்யும் பிழை, இந்த மூன்றாவது கேள்வியை முதலில் கேட்பதுதான்.

மூன்றாம் பெட்டி வேண்டுமா? வண்ணப்பூச்சுக் கடையில் கிடைக்கும் மாதிரி அட்டையை வெட்டினால் போதும்.

கண்ணும் ஒளியும்

இந்த விளையாட்டைப் பகல் வெளிச்சத்தில் ஆடுங்கள். காரணம், நிறம் தகட்டில் மட்டும் இல்லை. தகட்டின் மேல் விழும் ஒளி, தகடு திருப்பியனுப்பும் அலைநீளங்கள், பார்க்கும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நிறம். எங்கள் ஆய்வகச் சோடியம் விளக்கு ஏறக்குறைய 589 நானோமீட்டர் ஒளியை மட்டுமே தருகிறது. அதன் கீழே நீலத் தகடு கறுப்பாகத் தெரியும். மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தோன்றும்.

நம் விழித்திரையில் மூவகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவை முறையே 420, 530, 560 நானோமீட்டருக்கு அருகில் ஒளியை மிகுதியாக உணர்கின்றன. பிறந்து நான்கு மாத அளவிலேயே குழந்தை நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பெயர்கள் வருவதோ பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள்.

பின்னிரு வகைக் கூம்புகளில் ஒன்று இல்லாமலோ மாறுபட்டோ இருந்தால் சிவப்பும் பச்சையும் குழம்பும். இவற்றுக்குரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு ஒரே எக்ஸ் என்பதால் இக்குறை அவர்களிடம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 12 ஆண்களில் ஒருவருக்கும் 200 பெண்களில் ஒருவருக்கும் இது உண்டு.

ஓர் எச்சரிக்கை. சிவப்பு, நீலம், மஞ்சளைக் குறைபாடு உள்ள குழந்தையும் சரியாக ஜோடி சேர்த்துவிடக்கூடும். பச்சை, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு சேர்ந்த இரண்டாம் பெட்டியில்தான் ஐயம் எழும். அங்கும் ஒளிர்வு வேறுபாடு கை கொடுத்துவிடலாம். கைபேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு தகடுகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவற்றின் ஒளிர்வு ஏறக்குறைய ஒன்றே. அத்தகைய தகடுகளையே குழந்தை திரும்பத் திரும்பக் குழப்பினால் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் அவரே. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் இன்றும் இச்சோதனைக்குப் பயன்படுகின்றன.

பாப்பா என்ன செய்தாள்?

அண்ணன் தகடுகளைச் செய்தான். இரண்டாம் நாளே பாப்பா மூன்று ஜோடிகளையும் சேர்த்துவிட்டாள். சில வாரங்களில் பச்சையும் பழுப்பும் பிரிந்தன. ஆனாலும் கேட்டால் எல்லாம் 'பச்சை'தான்! அண்ணனின் கவலை தீர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி–தாம்பரம் சாலையோரம் சதுப்பு நிலத்தைப் பார்க்க மூவரும் போனோம். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இடம் அது. நாணல் ஓரம் நீலத் தாழைக்கோழி ஒன்று நடந்தது. பாப்பா கையிலிருந்த தகடுகளைப் பார்த்தாள். நீலத்தை உயர்த்திக் காட்டினாள். பிறகு அதன் அலகைப் பார்த்துவிட்டுச் சிவப்பையும் உயர்த்தினாள். பெயர் எதையும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தையிடம் இனி "இது என்ன நிறம்?" என்று முதலில் கேட்காதீர்கள். "இதைப் போல இன்னொன்று எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அது எதைச் சேர்க்கிறது, எதைக் குழப்புகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்து வாருங்கள். வகுப்பில் ஒரு நண்பன் வரைபடத்தின் நிறங்களைத் தவறாகச் சொன்னாலும் சிரிக்கும் முன் ஒரு கணம் யோசியுங்கள். நான் அன்று யோசிக்கவில்லை.