சாங்கிச் சுவரில் சிலுவையில் அறைவோர்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபின், சாங்கியின் ராபர்ட்ஸ் படைமுகாம் போர்க்கைதிகளின் மருத்துவமனையாயிற்று. அதன் 151ஆம் கட்டடத்துத் தரைத்தளத்தில், மருத்துவர் என மரபு போற்றும் நற்செய்தியாளர் லூக்காவின் பெயரில் அமைந்த சிற்றாலயத்தில், பிரிட்டிஷ் பீரங்கிப் படைவீரரான ஸ்டான்லி வாரன் ஐந்து விவிலியக் காட்சிகளைச் சுவரோவியங்களாகத் தீட்டினார். கடும் நோயிலிருந்து முழுதும் தேறாத அவர், சக கைதிகள் தேடிக் கொணர்ந்த பழுப்பு உருமறைப்புச் சாயத்தையும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் நீலச் சுண்ணக்கட்டியையும் கொண்டு, முதல் ஓவியமான கிறிஸ்து பிறப்பை அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குள் முடித்தார்.

எழுத்தறியாதோர் சுவரில் வாசிக்கவே ஆலயங்களில் ஓவியங்கள் உள்ளன என்று கி.பி. 600 அளவில் முதலாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் விளக்கம் தந்தார். சாங்கிக் கைதிகளோ கதையை முன்பே அறிந்தவர்கள். ஆகவே இங்கு ஓவியத்தின் வேலை, கதைக்குள் யார் யாருக்கு இடமுண்டு என்பதைத் தீர்மானிப்பதாக இருந்தது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்றுகூட மத்தேயு நற்செய்தி சொல்லாத நிலையில், அவர்களை மத்தியக் கிழக்கினர், வெள்ளையர், சீனர் என மூவராக வாரன் வரைந்தார். இதற்கு முன் புக்கிட் பாத்தோக் முகாமில் மரியாளை மலாய்ப் பெண்ணாகவும் அவர் வரைந்திருந்தார். புடவை உடுத்திய வேளாங்கண்ணி மாதாவை அறிந்த தமிழருக்கு இது வியப்பாக இராது.

வியப்பளிப்பது சிலுவைக் காட்சிதான். இயேசுவைச் சிலுவையில் அறைந்தோர் உரோமைப் படைவீரர் என நற்செய்திகள் சொல்ல, வாரனோ இடைத்துணி மட்டும் அணிந்த அடிமைகளை அங்கு நிறுத்தினார். கட்டாயத்தின்பேரில் செய்வோர்மீது பழி சாராது என்பது அவர் எண்ணம். தம்மைக் கொல்வோரை மன்னிக்குமாறு இயேசு வேண்டுவது, நான்கு நற்செய்திகளுள் லூக்காவில் மட்டுமே இடம்பெறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. சாங்கிக் கைதிகளும் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆண்டுகளில் இவ்வோவியத்தைக் கண்ட கைதி, ஏவியதைச் செய்யும் அவ்வடிமைகளிடம் சிறைக்காவலரை மட்டுமன்றித் தன்னையும் கண்டிருக்க முடியும். ஐந்தனுள் மிகத் துணிவான விளக்கம் இதுவே எனலாம்.

போர்க்காலத்திலேயே வெள்ளையடித்து மறைக்கப்பட்ட ஓவியங்கள் 1958இல் மீண்டும் வெளிப்பட்டன. இலண்டனில் ஓவிய ஆசிரியராயிருந்த வாரன் 1963, 1982, 1988 ஆகிய ஆண்டுகளில் வந்து அவற்றைச் சீரமைத்தார். சிறையில் லூக்காவைக் காட்டும் ஓவியத்தின் கீழ்ப்பகுதி மட்டும், சுவரை உடைத்துக் கதவு வைத்தபோதே அழிந்துபோயிருந்தது. மூல ஓவியங்கள் இன்று இராணுவ எல்லைக்குள் இருப்பதால், பொதுமக்கள் பெரும்பாலும் சாங்கி ஆலய அருங்காட்சியகத்திலுள்ள நகல்களையே காண்கின்றனர்.